மூன்றாவது நொடி

மேடை ஓரத்தில் நெருப்பு கக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. பாடகர் கையை உயர்த்தியதும் ஆபரேட்டர் பொத்தானை அழுத்துவார். இரண்டே நொடி தீ ஆளுயரத்துக்கு எழும்பும், கூட்டம் விசிலடிக்கும்.

“ரெண்டு நொடிக்கே இவ்வளவு விசில்! முழுப் பாட்டுக்கும் எரிஞ்சா எப்படி இருக்கும்?” என்று பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கிடம் கேட்டது இயந்திரம்.

“நான் எதுக்கு இங்க நனைஞ்சு கிடக்கேன்னு நினைச்சே?” என்றது சாக்கு.

அன்று ஆபரேட்டர் பொத்தானை விட்ட பிறகும் இயந்திரம் வால்வை மூடவில்லை. மூன்றாவது நொடியில் விசில் நின்றது. பத்தாவது நொடியில் மேலிருந்து தொங்கிய திரை கருகத் தொடங்கியது. பாடகர் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்.

“பாத்தியா, ஒருத்தர் பாக்கியில்லாம எழுந்து நிக்கிறாங்க!” என்று பூரித்தது இயந்திரம்.

ஆபரேட்டர் ஈரச் சாக்கைத் தூக்கி இயந்திரத்தின் வாயிலேயே போட்டார்.