பொன்னரசு தேய்த்த தரை

நாவல் மரத்தின் மாடிப் பொந்தில் பொன்னரசு என்ற அணிலும் அவன் மனைவி செவந்தியும் குடியிருந்தார்கள். கீழ்ப் பொந்தில் அஞ்சலை என்ற கிளி இருந்தாள்.

செவந்திக்குப் பிரசவம் நெருங்கியது. "தரையெல்லாம் சிராய். பிள்ளைங்களுக்குக் குத்தும். மரங்கொத்தியைக் கூப்பிடுங்க" என்றாள்.

"நம்ம வீட்டுக்கு வெளியாள் எதுக்கு? நானே செய்றேன்!"

உப்புத்தாள் போலச் சொரசொரப்பான பிராய் இலையை வாலில் கட்டிக்கொண்டு பொன்னரசு தேய்த்தான். தூள் பறந்தது. செவந்தி தும்மிக்கொண்டே வெளியே கிளைக்கு ஓடினாள். தரை வழவழவென்று ஆனது.

"போதுங்க, நல்லாத்தான் இருக்கு" என்று வாசலிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"இடது பக்கம் லேசா மேடு தெரியுது பாரு."

இடதைத் தேய்த்தான், வலது மேடானது. வலதைத் தேய்த்தான், நடு மேடானது. விசிலடித்தபடி சுற்றிச் சுற்றித் தேய்த்தான்.

"செவந்தி, என்னா பளபளப்பு! கீழே அஞ்சலை தூங்குறதுகூடத் தெரியுது!"

"ஐயோ, நிறுத்துங்க!" என்று அவள் கத்துவதற்குள் தரை படக்கென்று உடைந்தது. பொன்னரசு அஞ்சலையின் முதுகில் போய் விழுந்தான்.

"யாருடா அது?" என்று கிளி அலறினாள். மேலே பார்த்தாள். அண்ணாந்தபடியே சிரித்துவிட்டாள். "செவந்தி, இறங்கி வாடி. இங்கேயே பெத்துக்கோ."

மாலையில் அஞ்சலையின் பஞ்சு மெத்தையில் மூன்று குட்டிகள் பிறந்தன. பொன்னரசு அவற்றை ஆசையோடு முகர்ந்தான். பிறகு மெல்ல ஓட்டையை அண்ணாந்து பார்த்தான்.

"அந்த விளிம்பு மட்டும் கொஞ்சம் பிசிறா இருக்குல்ல?"