தொடக்கூடாத பணம்

"அத மட்டும் தொடச் சொல்லாதீங்க மேடம்."

மூன்றாவது முறையாகச் சொன்னார் சுடலைமுத்து.

வங்கி அதிகாரியான அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ஆவுடைச்செல்வி என்ற பெயரில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் வைப்புத்தொகை. இன்று முதிர்வு நாள்.

பெயருக்கு உரியவள் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். 

போன வாரமும் இருவரும் வந்திருந்தார்கள். கல்விக் கடன் கேட்டு. செல்விக்கு மதுரையில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. சுடலைமுத்து மாவு மில்லுக்காக வாங்கிய கடனில் தவணைகள் நின்றுபோயிருந்ததால் மேலாளர் முடியாது என்றுவிட்டார். கல்லூரியில் பணம் கட்ட இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி.

கடன் கிடையாது. ஆனால் பணம் இருக்கிறது. எதிரிலேயே இருக்கிறது.

"அண்ணாச்சி, இது செல்வி பேர்ல உள்ள பணம். அவ படிப்புக்குத்தான கேக்கா? முதல் வருஷத்துக்கு மட்டும் எடுத்துட்டு மிச்சத்த மறுபடி போட்டு வைங்க."

"கல்யாணத்துக்குன்னு போட்டது மேடம். அவ பொறந்ததுலேர்ந்து போட்டுட்டு வாறது."

"படிச்சு வேலைக்குப் போனா அவளே சேத்துருவா."

"படிக்கலன்னா வீட்டுல இருப்பா. நகை இல்லன்னா எந்த வீட்டுக்குப் போவா?"

அதிகாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

கல்யாணச் செலவுக்கென்று இந்த மேஜைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். நிலப் பத்திரத்தோடு வருகிறார்கள். இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைக்க வருகிறார்கள். யோசித்துச் செய்யுங்கள் என்று அவர்களில் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. வங்கியும் சொல்வதில்லை. படிப்பு என்றால்தான் எல்லோருக்கும் கணக்குப் பார்க்க வருகிறது.

சுடலைமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க அக்கா இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கா. பவுனு கொறையுதுன்னு மாப்ள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போனாங்க. அதுக்கப்புறம் யாரும் வரல. நான் அப்ப சின்னப் பையன்."

அதிகாரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எரிச்சலாக இருந்தது. கெட்ட மனிதர் என்றால் சுலபம். இவர் மில்லுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டிருக்கிறார், மகள் பேரில் போட வேண்டியதை ஒரு மாதமும் விடவில்லை.

வைப்புத்தொகைக்கான விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள்.

"செல்விக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. இனிமே இதுல உங்க கையெழுத்து செல்லாது. அவதான் போடணும்."

"போட்டுருவா." விண்ணப்பத்தை மகள் பக்கம் நகர்த்தினார். "அஞ்சு வருஷத்துக்குப் போடும்மா."

"எடுக்கறதும் உன் இஷ்டம்தான் செல்வி. திரும்பப் போடுறதும் உன் இஷ்டம்தான். புரியுதா?"

வேண்டியதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

செல்வி தலையாட்டினாள்.

அப்பாவைப் பார்க்கவில்லை. அதிகாரியையும் பார்க்கவில்லை. 'புதுப்பிக்க' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஐந்து ஆண்டுகள் என்று எழுதினாள். பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டாள்.

அவ்வளவுதான்.

எழுந்து போய்விடலாம் போலிருந்தது அதிகாரிக்கு. இந்தப் பெண்ணுக்காகத்தான் அரை மணி நேரமாகத் தொண்டை வறளப் பேசினாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மை மேஜையில் தெறித்தது.

ரசீது அச்சாகி வந்தது.

"மேடம்."

செல்விதான்.

"இத நடுவுல எடுக்கணும்னா அப்பாவும் வரணுமா?"

ரசீதுக்காக நீண்ட சுடலைமுத்துவின் கை அப்படியே நின்றது.

"வேண்டாம். நீ மட்டும் வந்தாப் போதும்."

"என்னைக்குன்னாலும் எடுக்கலாமா?"

"பேங்க் தொறந்திருக்கற எந்த நாளும் எடுக்கலாம். வட்டி கொஞ்சம் கொறையும்."

செல்வி ரசீதை வாங்கிக்கொண்டாள்.

"எங்கிட்டக் குடும்மா. பீரோல வைக்கணும்."

"நானே வச்சுக்கிடுதேன்ப்பா."

அவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். மகளைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.   எழுந்து நடந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் வண்டியைக் கிளப்புவது தெரிந்தது.

செல்வி பின்னால் ஏறவில்லை. பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை போலும். என்ன என்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

அவள் மறுபடியும் சொன்னாள். 'வெள்ளிக்கிழமை' என்ற வார்த்தை மட்டும் கண்ணாடி வழியே உதட்டசைவில் தெரிந்தது.

அவர் வண்டியை அணைத்தார்.