மனுஷ வாசனை இல்லாத குரல்

"மேடம், நீங்க இதுல ரோபோ. பாசமெல்லாம் வேணாம்," என்றார் இயக்குநர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து.

"பாசமே வைக்கலையே சார்," என்றாள் அவள், மைக்கின் முன்னால் நின்றபடி.

"வைக்காம இருக்கக் கஷ்டப்படறீங்க. அது குரல்ல தெரியுது. இன்னொரு டேக்."

காலையிலிருந்து இதே பாட்டுத்தான். பேய், கைக்குழந்தை, ஒரு படத்தில் கிளி என்று எதற்கும் அசராமல் குரல் கொடுத்தவள் அவள். ஒரு ரோபோ அவளுக்கு இப்படித் தண்ணி காட்டும் என்று யார் நினைத்தார்கள்?

இத்தனைக்கும் இந்தக் காட்சியில் வசனம் மூன்றே மூன்று. மனுஷனையே செய்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்ட விஞ்ஞானி, வெளியே கிளம்பும்போது ரோபோவிடம் பேசுகிறார். சார்ஜ் ஏத்தியாச்சா என்கிறார். "ஆச்சு." உனக்கு ஏதாவது வேணுமா என்கிறார். "ஒண்ணும் வேணாம்." நான் வர நேரமாகும் என்கிறார். "சரி." அந்தப் பதில்களைக் கேட்டதும் அவருக்கு உறைக்க வேண்டும், தான் செய்தது வெறும் இயந்திரம் என்று. படமே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

"சாயங்காலம் வரைக்கும்தான் டைம்," என்றார் இயக்குநர். "வரலேன்னா கம்ப்யூட்டர் குரலையே போட்டுடலாம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க."

"வரும் சார். வராம எங்க போயிடும்?"

வாய்ச்சவடால் இல்லை, நம்பித்தான் சொன்னாள். இன்றைக்கு ரோபோவுக்குக் கம்ப்யூட்டர் பேசினால், நாளைக்குக் கதாநாயகிக்கும் அதுவே பேசும். பிறகு அவள் வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேச வேண்டியதுதான். அந்தக் கதவைத் திறந்துவிட அவளுக்கு மனமில்லை.

டீ இடைவேளை விட்டார்கள். இயக்குநர் கார் நிற்கும் பக்கம் போனார். ரெக்கார்டிஸ்ட் வடையைத் தேடிப் போனார். அவள் நின்ற இடத்திலேயே தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வைத்தாள்.

எல்லோரும் திரும்பி வந்த பிறகுதான் ரெக்கார்டிஸ்ட் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரெக்கார்டிங்கை நிறுத்தாமலே போயிருக்கிறார். அழித்துவிடலாம் என்று பின்னால் ஓட்டியபோது ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"ஆச்சு… ஒண்ணும் வேணாம்… சரி."

அவள் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"இந்த டேக்கை ஏன் எனக்குக் காட்டல?"

"சார், அது வந்து…" என்று இழுத்தார் ரெக்கார்டிஸ்ட்.

"பேசாதீங்க. படத்தோட சேத்து ஓட்டுங்க."

திரையில் ரோபோ வாயசைத்தது. மூன்று பதிலும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தின. விஞ்ஞானியின் முகம் வாடிப்போனது.

"இதுதான்யா நான் கேட்டது," என்றார் இயக்குநர். அவர் கண் கலங்கியிருந்தது. "கோபம் இல்ல, வருத்தம் இல்ல, எதிர்பார்ப்புகூட இல்ல. மனுஷ வாசனையே இல்ல. கேக்கவே பயமா இருக்கு. கம்பெனிக்கு நானே பேசிடறேன், ரோபோ முழுக்க மேடம்தான். கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் வேணாம்."

வேலை கைக்கு வந்துவிட்டது. குதிக்க வேண்டிய நேரத்தில் அவள் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம்," என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார் இயக்குநர். "உலகத்துல எந்தப் பொம்பளையும் இப்படிப் பேசிக் கேட்டதில்ல. யாரை மனசுல வச்சுப் பேசினீங்க?"

ரெக்கார்டிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"உங்களைத்தாங்க. ஸ்டுடியோவுக்குள்ள புருஷன் பொண்டாட்டி கிடையாதுன்னு, கார்கிட்ட நின்னு எனக்குப் போன் பண்ணி, சாப்பிட்டாச்சா, ஏதாவது வேணுமா, நான் வர நேரமாகும்னு பேசினீங்களே… அதுக்கு நான் சொன்ன பதில்தான் இது."