செருப்புக் கடையில் ஒரு சாவு

பால் ட்ரோன்கள் வந்து போன காலை வேளையில், செண்பகவல்லி கணவரின் உடலைக் கோவில்பட்டி பஜாருக்குக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத்தான் போனாள். அங்கே உயிரில்லாத உடலை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் நகராது. ஊர் வந்து பார்த்து முடிக்கும்வரை அவரைக் கிடத்த ஓர் இடம் வேண்டும்.

சாமான்களெல்லாம் ட்ரோனில் வீட்டுக்கே வந்துவிடுவதால் பஜாரில் எல்லாக் கடைகளும் காலி. ஒன்றில் பிள்ளைகள் படித்தார்கள், இன்னொன்றில் கேரம் ஆடினார்கள். அவள் பழைய செருப்புக் கடைக்குள் உடலைக் கிடத்தினாள். அதன் கதவு பழக்கம் மாறாமல், துக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் "வாங்க, வாங்க" என்றது. சாவு வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாத்தனார் ஸ்டூலில் ஏறி ஒயரைப் பிடுங்கினாள்.

காலிக் கடைகளைக் கண்காணிக்கும் சேர்மக்கனி ஓடிவந்தான்.

"அக்கா, இங்க படிக்கலாம், விளையாடலாம். சாவுக்கு அனுமதி இல்ல. ஷட்டர் தானா இறங்கிரும்."

"கீழ ஆளிருந்தா இறங்காதுல்லா?"

செண்பகவல்லி எழுந்து வந்து ஷட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்களும் வந்து அவளை ஒட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். இறங்கத் தொடங்கிய ஷட்டர் அவர்கள் தலைக்கு மேலே நின்றுவிட்டது.

"சொன்னா கேளுங்கக்கா. இது கடை."

"நீயும் மாடி வீட்டுலதான இருக்க? நாளைக்கு உங்க அப்பாவ எங்க கொண்டுபோய்க் கிடத்துவ, தம்பி?"