பாலாடையில் கரைகிற மாத்திரை

பகல் வெயில் வாசலோடு நிற்கிறது. வல்லரசு கன்னத்தில் விட்ட அறையில் அவன் மனைவி கலைப்பிரியாவின் உதடு கிழிந்து ரத்தம் வழிகிறது. பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடை அவள் கையிலிருந்து தெறித்துச் சுவரோரம் கிடக்கிறது. பீய்ச்சிய தாய்ப்பாலும் அதில் கரைத்த மாத்திரையும் தரையில் பரவுகின்றன. மடியில் எட்டு மாதப் பிள்ளை வீறிடுகிறது. பிள்ளைக்குப் பேதி நின்று இரண்டு நாளாகிறது. ஆனாலும் பதினாலு நாளும் மாத்திரை கொடுக்காவிட்டால் திரும்பப் பிடிக்கும் என்று ஒலக்கூர் நர்சு சொல்லியிருக்கிறாள். வல்லரசு மாத்திரை அட்டையை மூலையில் இருக்கும் உரமூட்டைமேல் வைத்து விரலால் குத்திக் காட்டுகிறான். இரண்டிலும் ஒரே பெயர்: ஜிங்க் சல்பேட். “நெல்லுக்குப் போடுறத எம் புள்ளைக்கு ஊத்திக்கினு இருக்கியா? சாவடிக்கப் பாக்குறியாடி?” உதைக்கக் காலைத் தூக்குகிறான். பக்கத்தில் புல்லுக்கட்டோடு கிடந்த அருவாள் அவள் கையில் ஏறுகிறது. தூக்கிய கால் இறங்குகிறது. “ஜிங்க் போட்டு உன் நெல்லு செத்துச்சா? பழுப்படிச்ச பயிருதான பச்ச கட்டுச்சி? அது வயலுக்கு. இது புள்ளைக்குன்னே செஞ்சது. அட்டையக் குடுய்யா.” அட்டை அவள் முன்னால் வந்து விழுகிறது. சுவரோரம் கிடந்த பாலாடையை எட்டி எடுத்துத் துடைக்கிறாள். பால் பீய்ச்சக் கை வேண்டும். அருவாளை, முனை அவன் பக்கம் இருக்கும்படி முழங்காலுக்கடியில் வைத்துக்கொள்கிறாள். ரத்தம் பாலாடையில் சொட்டிவிடாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, இன்னொரு மாத்திரையைக் கரைக்கிறாள்.