சுழல் கதவுக்கு ஒரு வரலாறு

கடலைப் பார்த்து, கப்பலைப் போல வளைந்த மாடங்களோடு ஒரு பழைய ஹோட்டல் நின்றது. அதன் புது முதலாளியம்மா மங்களேஸ்வரி, வாசலில் இருந்த சுழல் கதவையும் கூடத்தில் இருந்த லிஃப்டையும் பார்த்துச் சொன்னார்: "வரலாறு உள்ளது இங்கே இருக்கட்டும். இல்லாதது நாளைக்குப் பழைய இரும்புக் கடைக்கு."

சுழல் கதவு முந்திக்கொண்டது. "என் வழியாக ராஜாக்களே வந்திருக்கிறார்கள் அம்மா!"

"வந்து?"

"உள்ளே போய்விட்டார்கள்."

"கதவு என்றால் அப்படித்தான். நீ சொல்லு, லிஃப்ட்."

சூரியக் கதிர்கள் போல விரிந்த தன் கிராதிக் கதவை லிஃப்ட் கூச்சத்தோடு அசைத்தது. "நான் ஒருமுறை பாதியில் நின்றுவிட்டேன் அம்மா. உள்ளே ஒரு பாடகரும், அவரைத் திட்டி எழுதும் விமர்சகரும் இருந்தார்கள். பொழுது போகட்டும் என்று பாடகர் பாடினார். வெளியே வரும்போது விமர்சகருக்குக் கண்ணெல்லாம் நீர்."

"பாட்டு அவ்வளவு நன்றாக இருந்ததா?"

"அவ்வளவு நீளமாக இருந்தது அம்மா."

முதலாளியம்மா வயிறு வலிக்கச் சிரித்தார். "நீ இங்கேயே இரு!"

மறுநாள் பழைய இரும்புக்காரர் தராசோடு வந்தார். சுழல் கதவின் ஒரு தடுப்பில் அவர் உள்ளே நுழைய, மறு தடுப்பில் முதலாளியம்மா வெளியே வர, கதவு பாதிச் சுற்றில் நின்றுகொண்டது.

"ஏய், சுத்து!" என்று முதலாளியம்மா கண்ணாடியைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கள் அம்மா," என்றது கதவு. "எனக்கு வரலாறு நடந்துகொண்டிருக்கிறது."

அடுத்த தடுப்பில் இரும்புக்காரர் தராசைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆ..." என்று மெல்ல இழுக்கத் தொடங்கினார்.