மூன்று நாள் யாரும் அசையக் கூடாது

"மில்லுக்காரன்தான் சார். வேற எவன் இந்த வேலையைச் செய்வான்?"

தலைமை எழுத்தர் அடித்துச் சொன்னார். நகராட்சித் தலைவரின் மேஜை மேல் நீளமான காகிதம் ஒன்று சுருண்டு கிடந்தது. அதில் ஒரே ஒரு கோடு. நல்ல பிள்ளையாக நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு, நாளுக்கு மூன்று இடத்தில் மட்டும் பேய் பிடித்தாற்போல் எகிறிக் குதித்திருந்தது.

விஷயம் இதுதான். பல நாடுகள் சேர்ந்து ஓர் அணு இணைவு ஆராய்ச்சி நிலையம் கட்டப் போகின்றன. சூரியன் செய்கிற வேலையை ஒரு பெரிய கொப்பரைக்குள் செய்து மின்சாரம் எடுப்பார்களாம். எங்கே கட்டுவது என்ற போட்டியில் கடைசியாக மிஞ்சியவை இரண்டே ஊர்கள். அதில் ஒன்று இந்த ஊர்.

"இருக்கற வெயில் போதாதா, இன்னொரு சூரியன் எதுக்கு?" என்று கேட்டார் சவரக்கடைக்காரர். எழுத்தர் பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் படித்தது இந்த அணு இணைவுப் படிப்பைத்தான். வேலை கடல் தாண்டி. ஆறு வருஷமாக அவள் "அப்பா" என்று கூப்பிடுவதெல்லாம் போனில்தான்.

"நம்ம ஊருக்கே அது வந்துட்டா, மறுநாளே பெட்டியைக் கட்டிடுவேன்ப்பா" என்று சொல்லியிருந்தாள்.

தேர்வுக் குழு வந்து ஊர்க்கோடி மைதானத்தில் ஓர் அதிர்வுமானியைப் புதைத்தது. மூன்று நாள் நிலம் ஆடாமல் இருக்கிறதா என்று அது பார்க்கும். ஊரை ஆடாமல் அசையாமல் வைத்திருக்கும் பொறுப்பை எழுத்தர் கேட்டு வாங்கிக்கொண்டார். நகராட்சித் தண்ணி லாரியில் மைக்கைக் கட்டி, தூசி அடங்கத் தண்ணீரும் தெளித்தபடி, மைதானத்தை வலம் வந்தார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு! கனமான பொருள் எதையும் கீழ போடாதீங்க! பிள்ளைங்க கயிறு தாண்டாதீங்க! துணியை அடிச்சுத் துவைக்காதீங்க! யாரும் அசையாதீங்க!"

ஊர் அடங்கியது. தச்சர் ஆணியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்தினார். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் குசுகுசுவென்று நடந்தது. எழுத்தருக்கு 'உஷ் சார்' என்று பேர் விழுந்தது.

அப்படியும் கோடு குதித்திருக்கிறதே!

மைதானத்துக்கு எதிரேதான் மாவு மில். மில்லின் பின்சுவரை ஒட்டி எழுத்தர் வீடு. மில் ஓடினால் அவர் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடனமாடும். பன்னிரண்டு வருஷப் பகை. அவர் எழுதும் புகார்கள் சுற்றிக்கொண்டு அவர் மேஜைக்கே வரும். அவரே 'ஆவன செய்க' என்று எழுதி அனுப்புவார்.

குழுவின் பொறியாளர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது எதனால வந்த ஆட்டம்னு தெரிஞ்சா போதும். அதை அப்புறப்படுத்திட்டா தீர்ந்தது. தெரியலைன்னா, நிலத்துலயே கோளாறுன்னுதான் நான் எழுதணும்."

தலைவர் மேஜையைக் குத்தினார். "எவனா இருந்தாலும் தொலைஞ்சான்! நம்ம ஆபீஸ் ஆளா இருந்தா இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்! கூப்பிடுங்கய்யா அந்த மில்லுக்காரரை!"

வாசலில் காத்திருந்த மில்லுக்காரர் தலையெல்லாம் மாவோடு வந்து நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரத்தில் போட்டிருந்த நேரங்களைப் படித்தார். பிறகு எழுத்தரை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தாங்க. மூணு வேளையும் மில்லு ஓட்டினேன்."

"பாத்தீங்களா சார், நான் சொல்லல?" எழுத்தர் நாற்காலியிலிருந்து துள்ளியதில் மைதானமே ஆடியிருக்கும்.

'காரணம் கண்டறியப்பட்டது. நிலம் தகுதியானது' என்று பொறியாளர் அம்மா கையெழுத்துப் போட்டார். மில்லை மூடி ஊரின் மறுகோடிக்கு மாற்றச் சொல்லும் உத்தரவை எழுத்தரே டைப் அடித்தார். அடித்த கையோடு மகளுக்குப் போன் போட்டார்.

"பெட்டியைக் கட்டும்மா!"

பசை டப்பாவும் உத்தரவுமாக மில்லுக்குப் போனவர், கதவில் நோட்டீஸை ஒட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் நாலு போல்ட் மட்டும் நின்றன. பெல்ட் ஆணியில் தொங்கியது.

"மோட்டார் எங்கய்யா?"

"காயில் கட்ட மெக்கானிக்கிட்ட குடுத்திருக்கேன் சார். நீங்க மைக்குல முதல் தடவை சொன்ன அன்னிக்கே கழட்டிட்டேன். இங்க கிடந்தா என் கை சும்மா இருக்காது."

மூன்று நாளாக டம்ளர்கள் ஆடவில்லை என்பது எழுத்தருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

மில்லுக்காரர் பழைய மாவு தலையில் உதிர உதிரச் சல்லடைகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "சீட்டைக் கிழிக்கிறேன்னு தலைவர் கத்தினது வாசல் வரைக்கும் கேட்டுச்சு சார். பொண்ணு ஊர் திரும்புற நேரத்துல அப்பன் வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"என் சீட்டா? நான் என்னய்யா பண்ணினேன்?"

"காகிதத்துல நேரத்தைப் பாக்கலையா? காலைல எட்டு, மத்தியானம் பன்னண்டு, சாயங்காலம் நாலு."

"ஆமா. அந்த நேரத்துல இங்க என்ன நடந்துச்சு?"

"வாய் வரைக்கும் தண்ணி ரொப்பின லாரி ஒண்ணு போச்சு சார். அதுல ஒருத்தர் உக்காந்து, 'யாரும் அசையாதீங்க, யாரும் அசையாதீங்க'ன்னு கத்திக்கிட்டே போனார்."